பெரிய கங்காணிக்கு ஏற்ற தசை

மனித உடம்பில் அறுநூற்றுக்கு மேற்பட்ட தசைகள் உண்டு. அத்தனையின் பெயரையும் நாவில் வைத்திருப்பவன் எமனுக்கே பதில் சொல்லக்கூடியவன். இது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ரெங்கசாமியின் சித்தாந்தம். எமனுக்குப் பதில் சொல்லும் சந்தர்ப்பம் அவருக்கு அதுவரை வாய்க்கவில்லை. ஜனங்களுக்கு மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து கொடுக்கும் சந்தர்ப்பம் தினமும் காலை ஆறு மணிக்கு வாய்த்தது. அதையும் ஆஸ்பத்திரி வேலைக்காரன் அய்யாவுதான் கொடுத்தான்.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் செம்மண் சாலையில், ஏழாவது மைல்கல்லான ஏழாங்கட்டையில் இறங்கி உள்ளே நடந்தால் அந்த ரப்பர்த் தோட்டம். காகிதத்தில் அதற்கு யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் பெயர். ஜனங்கள் முதல் துரையின் முகத்தைப் பார்த்துவிட்டு மூக்கன் தோட்டம் என்று வைத்தார்கள். அந்தத் துரை சீமைக்குப் போய்விட்டார். பெயர் கப்பல் ஏறவில்லை. அங்கே தகரக் கூரையும் பன்னிரண்டு கட்டிலும் கொண்ட ஓர் ஆஸ்பத்திரி. நடுவில் ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். இதற்கெல்லாம் அதிபதி ரெங்கசாமி. வாரிய தலை, வெள்ளைக் கால்சட்டை, பாக்கெட்டில் நோயாளி யார் மீதும் ஒருநாளும் வைக்காத வெப்பமானி. அய்யாவு அவருக்குக் கீழே வேலைக்காரன். ஐம்பது வயது. புண் கழுவுவது, மருந்து கலப்பது, கட்டுப் போடுவது, செத்தால் தூக்குவது எல்லாம் அவன். மற்ற வேலை முழுவதையும் ரெங்கசாமி பார்த்துக்கொண்டார்.

ரெங்கசாமி வைத்தியம் கற்றது கோலாலம்பூரில். எட்டு மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் எடுபிடியாக நின்றார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓர் அறையில் நாலு பேரோடு படுத்தார். ஊருக்குப் போகும் ஒரு வெள்ளைக்கார டாக்டர் குப்பையில் போட்ட தடித்த புத்தகம் ஒன்று அங்கே அவர் கைக்கு வந்தது. அவருக்கு முன்பே கறையான் அதைப் படிக்க ஆரம்பித்திருந்தது. முன்பக்கத்திலிருந்து எலும்பு முழுவதையும் அது முடித்திருந்தது. பின்பக்கத்திலிருந்து இருதயம், ஈரல், குடல், மூளை அத்தனையும் போயிருந்தன. நடுவில் எஞ்சியது தசை ஒன்றுதான்.

ஆகவே ரெங்கசாமி அறிந்த மனிதனுக்கு எலும்பு கிடையாது, குடல் கிடையாது, மூளையும் கிடையாது. தசை மட்டும் உண்டு. அப்படிப்பட்ட மனிதர்களை அவர் நேரிலும் பார்த்திருந்தார். துரைமார் கிளப்பில் அவர்கள் டென்னிஸ் ஆடினார்கள்.

ரயில் தண்டவாள ஓரம் நடந்து நடந்து அத்தனை பெயரையும் சகஸ்ரநாமம் போல உருப்போட்டார். டெல்டாய்டு, ட்ரபீசியஸ், காஸ்ட்ரோக்னீமியஸ். லத்தீன் அவருக்குத் தெரியாது. தெரியாததுதான் சௌகரியமாகப் போயிற்று. அர்த்தம் தெரியாத மந்திரத்துக்குத்தானே வீரியம் அதிகம்.

மூக்கன் தோட்டத்தில் அவருக்கு முன்பிருந்த டிரஸ்ஸர், நோயாளிப் பதிவேட்டில் 'நோய்' என்ற கட்டத்தில் மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டியவர்: காய்ச்சல், புண், சோம்பல். ரெங்கசாமி வந்த முதல் வாரத்திலேயே அந்தக் கட்டம் லத்தீனால் நிரம்பியது. தோட்டத்துத் துரை பக்கத்தைப் புரட்டினார். ஒன்றும் விளங்கவில்லை. தனக்கு விளங்காதது இரண்டே வகை, ஒன்று விஞ்ஞானம், மற்றொன்று கூலிகளின் நியாயம் என்பது துரையின் அனுபவம். இது தட்டச்சு எழுத்துப் போல அழகாக இருந்ததால் விஞ்ஞானம் என்று முடிவுகட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஜனங்களோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். டிரஸ்ஸர் ஐயா வாயால் சொல்லி மையால் எழுதுகிற பெயர் நோயின் பெயராகத்தானே இருக்க வேண்டும்?

"ஏண்டி, இன்னைக்கு பெரட்டுல பேரு கூப்பிட்டப்ப வரல?"

"எனக்கு தெல்தாயி வந்திருக்குக்கா. தெரசரய்யா எழுதிட்டாரு."

"ஆத்தாடி! ஒட்டுமா அது?"

"வலது தோள்ல வந்து இடது தோளுக்கு ஒட்டிக்கிச்சு. அப்புறம் பாத்துக்க."

பேரிலேயே தாயி இருந்ததால் அது அம்மை வகை என்று கூலிகளின் வீட்டு வரிசையான லயத்தில் முடிவாயிற்று. ரப்பர்ப் பால் வாளி சுமந்து தோள் வீங்கியவர்கள் வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. இரண்டு பேர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ரெங்கசாமி எல்லாவற்றையும் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. தோள் என்பது நோய் இல்லை, எல்லாருக்கும் இருக்கிறது என்று சொல்லப்போனால் பயம் போய்விடும். பயம் போனபின் மரியாதை எத்தனை நாள் தங்கும்?

நாலு வருஷம் இப்படிப் போனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்தில் கிள்ளான் டவுனில் முதல் கிரேடு டிரஸ்ஸர் வேலை ஒன்று காலியானது. முதல் கிரேடு என்றால் சிமெண்டுத் தரை போட்ட வீடு. காகிதங்களில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்'. மாதம் ஒருமுறை தோட்டத்துக்கு வந்துபோகும் டாக்டர் துரை ஒரு விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை ரெங்கசாமிக்கு. அடுத்த வருகையில் வார்டையும் பதிவேட்டையும் பார்த்துவிட்டுப் போட்டுத் தருகிறேன் என்று டாக்டர் துரையும் சொல்லியிருந்தார். ரெங்கசாமி கிள்ளான் தையற்கடையில் வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்தார். தோட்டத்தில் ஒருவர் விடாமல் சொல்லியும் முடித்தார். அப்படிச் சொன்னபின் வேலை கிடைக்காமல் போனால் மூக்கன் தோட்டத்தில் ஒருநாள்கூடத் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இந்த நிலையில்தான் பெரிய கங்காணி கன்னையா ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தார்.

பெரிய கங்காணி என்றால் நூற்றெண்பது பேரை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். அந்த நூற்றெண்பது பேரும் இன்றைக்கும் அவரைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறவர்கள். சரிகைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வெள்ளிப் பூண் பிரம்பு. மேலுதடும் மூக்கும் எப்போதும் ஒரு பக்கமாகச் சுழித்தே இருக்கும். உலகமே சற்று நாறுகிறது என்பது போல. அன்றைக்கு நடை மட்டும் சரியில்லை. முட்டை மேல் நடப்பது போல வந்தார்.

"உக்காருங்க கங்காணியாரே."

"நின்னுக்கிறேன்."

"எங்க நோவுது?"

கங்காணி சுற்றுமுற்றும் பார்த்தார். அய்யாவு மருந்துப் புட்டி துடைப்பதில் திடீரென்று மும்முரமானான்.

"பின்னால."

"முதுகா?"

"அதுக்குக் கீழ."

"தொடையா?"

"அதுக்கு மேல."

ரெங்கசாமி யோசித்தார். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை ஒரு பெரிய கங்காணியிடம் பெயர் சொல்லிக் கேட்பது எப்படி? வேட்டியை ஒதுக்குங்கள் பார்க்கிறேன் என்பது அதைவிட எப்படி? அந்தத் தோட்டத்தில் துரையின் நாய்க்குக்கூட வாலைத் தூக்கி மருந்து போடலாம். பெரிய கங்காணியின் வேட்டி நுனியைத் தொடமுடியாது. அதனால் பார்க்காமலே தெரிந்துகொள்ளும் ஞானியின் பாவனையில் கண்ணை மூடித் திறந்து, புத்தகத்தைப் புரட்டினார்.

"குளூட்டியஸ் மாக்ஸிமஸ்."

கங்காணிக்குப் பெயர் பிடித்திருந்தது. மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சந்தேகம் வந்தது.

"இது வேற யாருக்காச்சும் வந்திருக்கா?"

"போன மாசம் பவுனம்மாளுக்கு. ஓடையில சறுக்கி விழுந்து…"

"யாரு, புல்லு வெட்டுற பவுனம்மாளா?" பிரம்பு தரையில் ஒரு தட்டுத் தட்டியது. "அவளுக்கு வந்த நோவு எனக்கு வருமா தெரசரே? நாலு தோட்டத்து கங்காணிமாரு என்னை விசாரிக்க வருவாங்க. புல்லுக்காரிக்கு வந்ததுதான் எனக்கும்னு சொல்லச் சொல்றீங்களா?"

"இல்ல, அது இடத்தைப் பொறுத்து…"

"இடமாவது தடமாவது. என் இடம் என்ன, அவ இடம் என்ன?"

உடற்கூற்றின்படி இரண்டும் ஒரே இடம் என்பதை ரெங்கசாமி விழுங்கிக்கொண்டார்.

"தோ பாருங்க," கங்காணி குரலைத் தாழ்த்தினார். "கிள்ளான் வேலைன்னு ஊரெல்லாம் பேச்சு. டாக்டர் துரை நம்ம துரையை ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போடமாட்டாரு. நம்ம துரை என்னை ஒரு வார்த்தை கேக்காம சொல்லமாட்டாரு. எதுக்கு வீண் சூசா, வீண் தொந்தரவு? நல்லதா ஒண்ணு பாத்து எழுதுங்க."

ரெங்கசாமி மறுபடி புத்தகத்தைத் திறந்தார். இந்தமுறை உறுப்பைத் தேடவில்லை. தோட்டத்தில் இதுவரை ஒருவருக்கும் எழுதாத பெயராகத் தேடினார். அப்படிப்பட்டவை ஏழெட்டு அகப்பட்டன. எது கௌரவமானது என்று விரலை வைத்து நீளத்தை அளந்தார். மற்றவை எல்லாம் இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை. ஒன்று மட்டும் வரியைத் தாண்டிக்கொண்டு போயிற்று.

"லெவேட்டர் லேபியை சுப்பீரியாரிஸ் அலீக்வே நேசை."

கங்காணி விரலை மடக்கி எண்ணப் பார்த்தார்.

"எத்தனை வார்த்தை அது?"

"அஞ்சு."

"துரைமாருக்கு வருமா?"

"அவங்களுக்கே அபூர்வம்."

கங்காணியின் முகம் மலர்ந்தது. புத்தகத்தில் அந்தப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: மூக்கின் ஓரம் இருப்பது, மேலுதட்டையும் மூக்குத் துவாரத்தையும் தூக்குவது, பிறரை இளப்பமாகப் பார்க்கும்போது வேலை செய்வது. கங்காணியின் உடம்பில் ஓய்வில்லாமல் உழைத்த தசை அது ஒன்றுதான் என்பதால், இதில் பெரிய பொய் ஒன்றும் இல்லையென்று ரெங்கசாமி மனதைச் சமாதானம் செய்துகொண்டு, பதிவேட்டில் இரண்டு வரி இடம் விட்டு எழுதினார்.

கங்காணி கடைசிக் கட்டிலில், தலைப்பாகையைக் கழற்றாமல், குப்புறப் படுத்தார். பதினொரு நாள் படுத்தார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கங்காணிமார் வாழைத்தாரும் சீமைப் பிஸ்கோத்து டின்னுமாக வந்தார்கள். அவர் தலையணையில் மோவாயை ஊன்றியபடி அந்த ஐந்து வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கேட்டவர்கள் முகம் சுண்டித் திரும்பிப் போனார்கள். ஐந்தாங்கட்டைத் தோட்டத்துக் கங்காணி, தன் தோட்டம் திரும்பியதும் அங்கே டிரஸ்ஸரிடம் அதே நோய் தனக்கும் வேண்டும் என்று கேட்டு, இல்லையென்றதும் சண்டை பிடித்ததாகத் தகவல்.

மருந்து என்று பார்த்தால், வயிற்றுக்கு உப்பு மருந்து, மேலுக்குத் தைலம். தைலத்தை வேட்டியின் மேலேயே தெளிக்க வேண்டியிருந்தது.

எட்டாம் நாள் அய்யாவு மெல்ல வந்து நின்றான்.

"ஐயா, கடைசிக் கட்டில் பக்கம் நாத்தம் அடிக்குது."

"தைல வாசனை."

"இல்லீங்க. எனக்கென்னமோ கட்டி மாதிரி படுது. வெங்காயத்தைச் சுட்டு வச்சுக் கட்டினா…"

"கட்டியா?" ரெங்கசாமி புத்தகத்தைத் தட்டினார். "இதுல எங்கேயாவது கட்டின்னு இருக்கா, காட்டு பாப்போம்."

இல்லைதான். கட்டி இருந்த பக்கம் கறையான் வயிற்றில் இருந்தது.

"புத்தகத்துல இல்லாட்டி என்னங்கய்யா, அவருகிட்ட இருக்கே," என்று அய்யாவு முனகிக்கொண்டே போனான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு டாக்டர் துரையின் கார் வந்தது. ஐந்து தோட்டமும் ஒரு கிளப்பும் அவர் பொறுப்பு. தோட்டங்களுக்கு மாதம் ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. கிளப்புக்குத்தான் நாள் போதவில்லை. தோட்டத்துத் துரையும் கூட வந்தார். ரெங்கசாமி புது வெள்ளைக் கோட்டில், கஞ்சி மொரமொரக்க நின்றார். டாக்டரின் கைப்பையில் முதல் கிரேடு பாரத்தின் மஞ்சள் நுனி நீட்டிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். அதற்கப்புறம் வேறெதையும் அவர் சரியாகப் பார்க்கவில்லை.

டாக்டர் துரை பதிவேட்டை விரித்தார். விரல் வரிவரியாக இறங்கியது. கங்காணியின் வரியில் நின்றது. நகரவில்லை.

கண்டுபிடித்துவிட்டார், மூக்குத் தசை என்று கண்டுபிடித்துவிட்டார் என்று ரெங்கசாமி நினைத்தார். ஆனால் டாக்டரின் காது மடல்தான் சிவந்தது. முப்பது வருஷத்துக்கு முன் பரீட்சையில் ஒருமுறை எழுதிவிட்டு, மறுநாளே தலைமுழுகிய பெயர் அது. உள்ளங்கால் பக்கமா, உச்சந்தலைப் பக்கமா என்பதுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கலாம் என்றால், எதிரே நிற்பது கறுத்த டிரஸ்ஸர். பக்கத்தில் நிற்பது வெள்ளைத் துரை.

"ஹ்ம்," என்றார் டாக்டர். "ஆமாம். ரொம்பச் சரி."

"அது என்ன, டாக்டர்?" துரை கேட்டார்.

"அபூர்வம். மிக அபூர்வம். உங்கள் டிரஸ்ஸர் கூர்மையான ஆள்."

"தொற்றுமா?"

"அது… ஆளைப் பொறுத்தது. வாருங்கள், பார்ப்போம்."

கடைசிக் கட்டிலை நெருங்கும்போதே துரை கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். கங்காணி குப்புறப் படுத்தபடியே இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"எங்கே வலி?" டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

கங்காணி பலகைத் தடுப்பைப் பார்த்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டு. அங்கே கைக்காயத்தோடு படுத்திருந்த பவுனம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

டாக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. அறியாமையை மறைப்பதில் அவருக்கும் அனுபவம் உண்டு. ரெங்கசாமியின் பக்கம் திரும்பி, "நீங்களே தொட்டுக் காட்டுங்கள்," என்றார்.

ரெங்கசாமியின் கை அந்தரத்தில் நின்றது. பின்பக்கத்தைக் காட்டினால் எழுதிய லத்தீன் தப்பு. டாக்டர் சிரித்துவிட்டுப் பாரத்தைப் பைக்குள் தள்ளிவிடுவார். மூக்கைக் காட்டினால் லத்தீன் சரி, கங்காணிதான் தப்பு. நாலு வருஷமாகப் புத்தகம் ஒரு பக்கமும் நோயாளி ஒரு பக்கமும் நின்ற இடங்களில் எல்லாம் அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாரோ, இன்றைக்கும் அந்தப் பக்கமே சாய்ந்தார். குனிந்து, சுட்டுவிரலைப் பெரிய கங்காணியின் மூக்கோரத்தில் வைத்தார்.

டாக்டர் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கை நெருங்கிப் பார்த்தார். இரண்டு விரலால் அமுக்கினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"வீக்கம் இருக்கிறது," என்றார் கம்பீரமாக.

துரை அதைத் தமிழில் சொன்னார்.

"அது பொறந்ததுலேருந்தே அப்படித்தாங்க துரை," என்றார் கங்காணி, அமுங்கிய மூக்கால்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. "மூக்கு வலிக்கிற மனுசன் எதுக்குடி பதினோரு நாளா குப்புறக் கெடக்காரு? மூக்கு பின்னாலயா முளைச்சிருக்கு?"

பெண்கள் பக்கம் வெடித்தது. ஆண்கள் பக்கம் இருமினார்கள். துரைக்கு இருபது வருஷத் தோட்டத் தமிழ், முழுவதும் விளங்கிவிட்டது. அவர் டாக்டரைப் பார்த்த பார்வையில், டாக்டரின் காது மடலில் இருந்த சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. யாரையாவது அதட்ட வேண்டிய நேரம். அதட்டுவதற்கு வசதியாக ஓர் ஆள் எதிரிலேயே படுத்திருந்தார்.

"உக்காரு!" என்றார் டாக்டர்.

கங்காணி தயங்கினார்.

"கங்காணி! உக்காரு!" என்றார் துரை.

துரை சொல்லிக் கங்காணி செய்யாத காரியம் கிடையாது. புரண்டார், எழுந்தார், உட்கார்ந்தார்.

அவர் போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்தன. அப்புறம் வந்த வாடையில் துரை மூன்று எட்டில் வாசலுக்கு வெளியே போய்விட்டார். கங்காணியின் முகத்தில் மட்டும் பதினொரு நாளில் முதல்முறையாக ஓர் அமைதி படர்ந்தது. "அப்பாடா," என்றார். மூக்கும் உதடும் சுழிப்பு நீங்கிச் சாதாரண மனிதனுடையவை போல இருந்தன. விரிப்பைப் பார்த்தபின் வைத்தியம் படிக்காதவர்களுக்கும் நோய் இன்னதென்று விளங்கிவிட்டது.

தடுப்புக்கு மேல் பவுனம்மாளின் தலை தெரிந்தது. பெஞ்சு மேல் ஏறியிருந்தாள்.

"அட, கட்டி! இதுக்கா அஞ்சு முழத்துக்குப் பேரு? போன வருசம் எங்க வெள்ளாட்டுக்கு வந்துச்சு, அதே எடத்துல."

"இறங்குடி கழுதை!" கங்காணிக்குக் குரல் திரும்பியது. பிறகு ரெங்கசாமியைப் பார்த்து, கிட்டத்தட்டக் கெஞ்சினார். "தெரசரே, இது அதுல சேர்ந்ததுதானே? அந்த அஞ்சு வார்த்தையில?"

ரெங்கசாமி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ரெங்கசாமியைப் பார்த்தார். தண்ணீரில் விழுந்த இரண்டு பேர் ஒரே கட்டையைப் பார்ப்பது போல இருந்தது.

"அதனுடைய பின்விளைவு," என்றார் ரெங்கசாமி இங்கிலீஷில்.

"அதேதான்," என்றார் டாக்டர் துரை, கட்டையைத் தாவிப் பிடித்து. "நான் எதிர்பார்த்ததும் அதுவே. பழுத்து உடையும்வரை தொடாமல் விட்டது நல்ல தீர்மானம், மிஸ்டர் ரெங்கசாமி."

மிஸ்டர்! ரெங்கசாமிக்குக் கோட்டின் கஞ்சி உடம்புக்குள்ளும் இறங்கியது போல நிமிர்ச்சி வந்தது. டாக்டர் பையிலிருந்து மஞ்சள் பாரத்தை எடுத்து, ஜன்னல் கட்டையில் வைத்து, பேனாவைத் திறந்து, தலைப்பு, பெயர், வயது என்று நிரப்பிக்கொண்டே போனார். தசை பற்றி அந்தப் பாரம் ஒன்றும் கேட்கவில்லை. எலும்பு, குடல் பற்றியும் கேட்கவில்லை. அதை அச்சடித்த சர்க்கார் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டிருந்தது.

"'விண்ணப்பதாரர் காயத்துக்குக் கட்டுப் போடுவதை நேரில் பார்த்தேன்.' சும்மா ஒரு சம்பிரதாயம்," என்றார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "இதோ காயம் தயாராக இருக்கிறது. கட்டுங்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்."

ரெங்கசாமி அய்யாவுவைப் பார்த்தார். அய்யாவு ஏற்கெனவே புண்ணைக் கழுவி, மருந்துப் பஞ்சை வைத்து முடித்திருந்தான். இப்போது துணிச்சுருளை இரண்டு கையிலும் ஏந்தி, தாம்பூலத் தட்டு நீட்டுகிறவனைப் போலக் குனிந்து நீட்டினான்.

"நீயே…" என்றார் ரெங்கசாமி அடிக்குரலில்.

"ஐயோ, துரை பாக்கணுமாமில்ல? நாலு வருசமா எங்கிட்டயே விட்டுட்டீங்க. இன்னைக்காச்சும் ஐயா கைராசி தெரியட்டும்."

புத்தகத்தில் எந்தத் தசை எந்தத் தசையைச் சுற்றிப் போகிறது என்று இருந்தது. துணி எப்படிச் சுற்றிப் போகிறது என்று இல்லை. கங்காணி கட்டிலருகே எழுந்து நின்று, வேட்டியை இடுப்போடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தார். ரெங்கசாமி ஆரம்பித்தார். இடுப்பைச் சுற்றினார். தொடையைச் சுற்றினார். தைரியத்துக்காகப் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே சுற்றினார். துணி ஓரிடத்தில் இறுகியது, ஓரிடத்தில் தொங்கியது. பஞ்சு இருந்த இடம் மட்டும் வெளியே தெரிந்தது. மறுபடி அதன்மேல் சுற்றினார். சுருள் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. தவழ்ந்துபோய் எடுத்துவந்தார். புதுக் கோட்டின் முழங்கைகள் கறுத்தன. பெண்கள் பக்கம் இப்போது யாரும் சிரிக்கவில்லை; பெஞ்சு மேல் ஏறித் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். முழுச் சுருளும் தீர்ந்ததும், கையில் அகப்பட்ட நுனிகளை எல்லாம் சேர்த்து, பார்சல் கட்டுகிற மாதிரி இரண்டு முடிச்சும் ஒரு பூவும் போட்டார்.

"ஆச்சு சார்."

டாக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பார்ப்பதற்கு ஏதோ ஒன்று கட்டப்பட்டுத்தான் இருந்தது. பேனா நுனி காகிதத்தைத் தொட்டது. முதல் எழுத்து பாதி விழுந்தபோது, நேரில் பார்த்தேன் என்று எழுதுவதற்கு முன் ஆள் நடப்பதையும் பார்த்துவிடுவது நல்லது என்று அவருக்குப் பட்டது. இந்தத் தோட்டத்தில் அன்றைக்கு ஒருமுறை ஏமாந்தது போதும்.

"நடக்கச் சொல்லுங்கள். வாசல்வரை."

வெளியே பால் எடுத்து முடித்துத் திரும்பிய ஜனங்கள் கூடியிருந்தார்கள். கூச்சல் லயம்வரை கேட்டிருந்தது. கங்காணியின் ஆட்கள் நூற்றெண்பது பேரில் முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். துரையும் அங்கேதான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பெரிய கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்தார். கோட்டுப் பித்தானைப் போட்டார். பிரம்பை வாங்கிக்கொண்டார். மூக்கும் உதடும் பழையபடி சுழித்துக்கொண்டன. கட்டி உடைந்த ஆள் என்று எவனும் வாயைத் திறக்கத் துணியாத நடையில் வார்டைக் கடந்து வாசலுக்குப் போனார். ரெங்கசாமி பின்னாலேயே நடந்தார். டாக்டர் பாரத்தோடு வாசல் நிலையில் வந்து நின்றார். ஜனங்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நாலு படி. மூன்றாவது படியில் கட்டு அவிழ்ந்து விழுந்தது. ரெங்கசாமி அதை வேட்டியோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்.